அட்டை இல்லாத கதை

கதை எழுத ஆசைப்படுகிறவனுக்கு இரண்டே கவலைதான். எதை எழுதுவது, எழுதியதை யார் தலையில் கட்டுவது. முதல் கவலை எங்கள் இலங்கை மலையகத்தில் ஒருவருக்கும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் மஸ்கெலியா பஸ்ஸுக்கு நிற்கும் ஓர் அக்கா, முன்பின் தெரியாத பக்கத்து ஆளிடம் தன் நாத்தனார் வீட்டு விவகாரத்தைத் தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்து, கொழும்புக்கு வேலைக்குப் போன மகள் திரும்பி வந்து வாசலில் நின்ற கட்டம் வரை கொண்டுவந்து நிறுத்துவார். அப்போது பார்த்து பஸ் வந்துவிடும். மிச்சத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, நகரும் பஸ்ஸிலிருந்தே சொல்லிக்கொண்டு போவார். கேட்டுக்கொண்டு நின்றவர் தலவாக்கலை போக வேண்டியவர். மகள் உள்ளே வந்தாளா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காக மஸ்கெலியா பஸ்ஸில் தாவி ஏறினார். இப்படி ஒரு வாசகர் கிடைத்தால் டால்ஸ்டாய்கூட இன்னும் ஒரு பாகம் எழுதியிருப்பார்.

எனக்குத் தொழில் டவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. கொப்பி எடுப்பது, லேமினேட் பண்ணுவது, போனுக்கு ரீலோட் போடுவது, தமிழிலும் சிங்களத்திலும் மனு டைப் அடித்துக் கொடுப்பது. மலையகத்தில் எழுத்தாளர் என்றால் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியராக இருப்பார், இல்லாவிட்டால் தொழிற்சங்கத்தில் இருப்பார். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆனாலும் என் எழுத்து போகாத இடமில்லை. பிரதேச செயலகம், தொழில் திணைக்களம், பொலிஸ் நிலையம், கட்சிக் காரியாலயங்கள் என்று எல்லா இடத்திலும் என் படைப்புகள் கோப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. வாசித்தார்களா என்பது வேறு விஷயம். சீல் குத்தி வாங்கியிருக்கிறார்கள். எந்த இலக்கியச் சஞ்சிகையும் என் எழுத்துக்கு அந்த மரியாதையைச் செய்ததில்லை.

கதைக்கான சரக்கும் அந்தக் கடை மேசைக்கே வந்துவிடும். ஒரு பெரியவர் வந்தார். வாழ்நாள் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய கை, காய்ப்புக் காய்ச்சி மரப்பட்டையாக இருந்தது. ஊழியர் சேமலாப நிதி வரவில்லை. ஒரு சிலிசிலிப் பையைத் திறந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர்; பதிவாளர் தன் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதி வைத்திருக்கிறார். அடையாள அட்டையில் அதில் ஓரெழுத்து குறைவு. சேமலாப நிதிக் கடிதத்தில் தகப்பன் பெயர் மகனுக்கும் மகன் பெயர் தகப்பனுக்கும் போயிருந்தது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும், அதற்கு இன்ன இன்ன ஆளைப் பார்க்க வேண்டும், இவ்வளவு செலவாகும் என்று நான் விளக்கினேன். பெரியவர் கதவு நிலையில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எதுக்குத் தம்பி இந்தச் செரமம்? மூணு பேரு பேர்லயும் தனித்தனியா எழுதிக் குடு. எவனுக்குக் காசு வருதோ, அவன் மத்த ரெண்டு பேருக்கும் சாராயம் வாங்கிக் குடுத்துறட்டும்.”

இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன கரு வேண்டும்? அன்று இரவே எழுதினேன். மூன்று பெயர்களும் தொழில் திணைக்கள வாங்கில் வரிசையாக உட்கார்ந்து, யார் மூத்தவர் என்று சண்டை பிடிப்பதாகக் கதை. கொழும்பில் ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினேன். பதில் வந்தது. கதை நன்று, ஆனால் மலையக மணம் போதாது. தேயிலை மலை எங்கே, அட்டை எங்கே, கங்காணியின் கொடுமை எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

கங்காணிக்கு நான் எங்கே போவேன்? பெரிய கங்காணிமாரின் ஆட்டம் என் தாத்தா காலத்திலேயே அடங்கிவிட்டது. அட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் இரண்டு அட்டைகளைச் சேர்த்தேன். தொழில் திணைக்களத்துக்குப் போகும் வழியில் பெரியவரின் கணுக்காலில் அவை ஏறின, இரத்தம் குடித்தன, விழுந்தன. கார்ப்பெட் போட்ட ஹட்டன் டவுன் ரோட்டில் நடக்கிறவர் காலில் அட்டை எப்படி ஏறும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அடுத்த இதழில் கதை வந்தது. மேலே படமும் போட்டிருந்தார்கள். கூடை சுமந்த ஒரு பெண், கண்ணில் ஒரு சொட்டு நீர். கதையில் பெண்ணே கிடையாது.

அன்றிலிருந்து சந்தை நிலவரம் எனக்குப் பிடிபட்டது. வெளியே மலையகக் கதை என்றால் ஒரு பட்டியல் இருக்கிறது: பனி, பச்சை, லயம், அட்டை, கண்ணீர். ஐந்தில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். எங்கள் மலைகளில் இப்போது பேசப்படுகிற விஷயங்கள் வேறு. கொழுந்து எடுக்கிற இடத்தில் குளவிக் கூடு கலைந்து பத்துப் பதினைந்து பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. தேயிலைக்குள் சிறுத்தை படுத்திருப்பது. புறக்கோட்டைப் புடவைக் கடைக்குப் போன பையன் தைப்பொங்கலுக்கு வரும்போது தலைமயிரை மஞ்சளாக்கிக்கொண்டு வருவது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அம்மா வீடியோ கோலில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. இதில் எதை எழுதினாலும், இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்பார்கள். எல்லா ஊரிலும் நடப்பது எங்களுக்கு நடக்கக்கூடாது என்று யாரோ ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பழியை முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் மேல் போடுவது நியாயமில்லை. வரலாறும் அப்படி. புதுமைப்பித்தன் 1935இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை வைத்து ‘துன்பக்கேணி’ எழுதினார். அவர் இந்தப் பக்கம் வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வராமலே அப்படி எழுதிவிட்டார் என்பது அவருடைய திறமை. வராமலும் எழுதலாம் என்று அதிலிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டதுதான் எங்களுடைய துன்பக்கேணி. வருகிறவர்களைப் பற்றியும் பெருமையாகச் சொல்வதற்கில்லை. நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கி, நுவரெலியாவில் அந்தச் செங்கல் தபால் கந்தோரின் முன் நின்று படம் எடுத்து, கிரகரி வாவியில் படகு விட்டு, திரும்பும் ரயில் சிங்கமலைச் சுரங்கத்தை அடைவதற்குள் ஒரு நீள்கவிதையை முடித்துவிடுகிறார்கள். சுரங்கத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்ற அவசரமாகவும் இருக்கலாம்.

வராமல் எழுதியவர்களில் ஷேக்ஸ்பியரைச் சேர்க்கலாமா என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. பூண்டுலோயாப் பக்கம் டன்சினேன் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. மெக்பெத் நாடகத்தில் வருகிற மலையின் பெயர் அது. ஸ்கொட்லாந்துக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயரையெல்லாம் இங்கே கொண்டுவந்து மலைக்கு மலை நட்டார்கள். நாடகத்தில் காடே எழுந்து டன்சினேனை நோக்கி நடந்து வரும். இங்கே எங்கள் பாட்டன்மார் காட்டை வெட்டிப் போட்டுவிட்டுத் தாங்கள்தான் நடந்தார்கள். தோட்டப் பெயரைப் புனைபெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது எங்கள் எழுத்தாளர்கள் சிலரின் வழக்கம். தெளிவத்தை ஜோசப் அப்படித்தான் தான் வேலை செய்த தோட்டத்தைத் தன்னோடு கோயம்புத்தூர் வரை கூட்டிக்கொண்டு போனார். 2013இல் விஷ்ணுபுரம் விருது வாங்கியபோது மேடையில் அந்தத் தோட்டமும் உட்கார்ந்திருந்தது. நானும் என் தோட்டத்துப் பெயரைச் சேர்க்கலாம் என்றுதான் பார்த்தேன். அந்த ஸ்கொட்லாந்துப் பெயரைத் தமிழில் எழுதினால் இருமல் மருந்துப் பெயர் மாதிரி இருந்தது.

நல்ல விமர்சகர் ஒருவர் எனக்கு இளம் வயதிலேயே வாய்த்தார். அதற்குக் காரணம் லயத்துக்கு முகவரி இல்லாதது. பெயர், டிவிசன், தோட்டம், ஊர், அவ்வளவுதான் எழுத முடியும். கடிதங்களெல்லாம் தோட்டத்துக் கந்தோருக்கு மொத்தமாக வந்து அங்கிருந்து ஆள் கையில் மலைக்கு வரும். பல்கலைக்கழகக் கடிதமும் வேலைக் கடிதமும் இப்படிக் கைமாறிக் கைமாறித் தேதி கடந்து வந்த கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று உண்டு. என் டிவிசனில் முதலெழுத்து உட்பட என் பெயரிலேயே இன்னொருவர் மேட்டு லயத்தில் இருந்தார். முறைக்கு மாமா. பத்திரிகையிலிருந்து திரும்பி வந்த என் கதை நேரே அவர் கைக்குப் போய்விட்டது. தனக்குத்தான் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று பிரித்து, இரவு அடுப்படியில் நாலு பேரைக் கூட்டி வைத்து முழுதும் வாசித்திருக்கிறார். மறுநாள் என்னை வழியில் பிடித்தார்.

“மாப்ள, அந்தப் புள்ள மழையில கொழுந்து எடுக்குதுன்னு எழுதியிருக்க. தலையில கொங்காணி போட்டுச்சா இல்லையா?”

“போட்டிருக்கும் மாமா.”

“போட்டிருக்கும்னா? நீ தானப்பா எழுதுற. சரி, அந்தி நிறுவையில இருவது கிலோன்னு போட்டிருக்க. ஈரக் கொழுந்துக்குத் தண்ணி கழிப்பாங்களே, கூடைக்குக் கழிப்பாங்களே, அது எங்க? அந்தக் கணக்கப்பிள்ளை என்ன அவளுக்குச் சொந்தக்காரனா?”

நான் விழித்தேன்.

“சொந்தக்காரன்தான்னா அதையாச்சும் எழுது. அது நல்ல கதை.”

இன்றுவரை எந்த ஆசிரியர் குழுவும் எனக்கு இப்படியொரு திருத்தம் சொன்னதில்லை. கொழுந்து நிறுக்கும் இடம்தான் தோட்டத்தின் நாடக மேடை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தராசு முள்ளைப் பார்க்கும் கண்கள், கழிக்கிற கிலோ, கணக்குப் புத்தகத்தில் அரை நாள் பேரா முழு நாள் பேரா என்று ஓடுகிற பேனை. என். எஸ். எம். இராமையா எழுதிய கதைகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்று ஒன்று இருப்பது தற்செயல் இல்லை. தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ கதைக்கு எங்கும் தேடிப் போகவில்லை. ஒரு குடும்பம் முழுக்க ஒரே லயக் காம்பராவில் படுத்து எழும்பினால் என்ன ஆகும் என்று யோசித்தார், அவ்வளவே. தலவாக்கலைப் பக்கத்து மல்லிகை சி. குமார் தோட்டத் தொழிலாளியாகவே இருந்துகொண்டு கதையும் கவிதையும் எழுதினார், படமும் வரைந்தார். இவர்களுக்கெல்லாம் கரு கிடைப்பது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

பிரச்சினை எப்போதும் விற்பதில்தான். அதிலும் எங்கள் வரலாறு தொடங்கியதே கொஞ்சம் சகுனம் சரியில்லாமல். 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்று ஒரு நூல் போட்டார். கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பற்றிய கும்மிப் பாட்டு. அதே 1869இல்தான் இலங்கையில் கோப்பி இலைகளில் துருநோய் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கொஞ்ச வருசத்தில் கோப்பியே போய்த் தேயிலை வந்துவிட்டது. புத்தகம் வெளியிட நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களை நான் கேலி செய்வதில்லை.

விற்பனை நுட்பத்தில் குருநாதர் கோ. நடேசய்யர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று நடத்தி, பிறகு ஹட்டனில் வந்து குடியேறி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தவர். அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. புடவை வியாபாரிக்கு மட்டும் தடையில்லை. எனவே நடேசய்யர் புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு லயம் போனார் என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கதை. அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடுவார். அந்தப் பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. எழுதுகிறவர், அச்சுப் போடுகிறவர், கொண்டுபோய்ச் சேர்க்கிறவர், பாடிக் காட்டுகிறவர் எல்லாம் ஒரே வீட்டில். மலையகத்தின் முதல் சிறுகதை என்று தெளிவத்தை ஜோசப் தன் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ நூலில் எடுத்துக் காட்டுவதும் நடேசய்யர் எழுதியதைத்தான். இன்றைக்கு இதையெல்லாம் செய்ய ஆறு பேர் கொண்ட குழு, லோகோ, ஒரு வாட்ஸப் குரூப். மூட்டை தூக்கத்தான் ஆளில்லை.

அவருக்குப் பின்னால் பாட்டுப் புத்தகக்காரர்கள். ரயிலிலும் திருவிழாக் கூட்டத்திலும் பாடிப் பாடிச் சில சதத்துக்கு விற்றவர்கள். கொலைச் சிந்து, பிரஜாவுரிமைப் பாட்டு, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிற பாட்டு என்று நேற்று நடந்தது இன்று பாட்டாகிவிடும். கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே கடை. சி. வி. வேலுப்பிள்ளை வேறு தினுசு. வட்டகொடை மடக்கொம்பரையில் பிறந்த அந்த இருபது வயதுப் பையன், 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது தான் எழுதிய நாடகத்தை எடுத்துக்கொண்டு நேரே அவரிடமே போனான். பின்னால் 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனபோதுகூட அவ்வளவு துணிச்சல் தேவைப்பட்டிருக்காது. அடுத்த வருசம் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தில் அவருக்கு வாக்குப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். வாசகர்களை இழந்த எழுத்தாளர்கள் உண்டு. வாக்காளர்களையும் சேர்த்து இழந்தவர் அவர்.

அறுபதுகளில்தான் எங்களுக்கு ஒரு நல்ல காலம் வந்தது. வீரகேசரி பத்திரிகையில் எஸ். எம். கார்மேகம் தோட்டப் பகுதிக்கென்றே ‘தோட்ட மஞ்சரி’ நடத்தினார். மலைநாட்டு எழுத்தாளர்களுக்குச் சிறுகதைப் போட்டிகள் வைத்தார்கள். பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாக வந்தன. அதற்குப் பிறகு எழுபதுகளில், இந்தியாவிலிருந்து வரும் சஞ்சிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் பாதியில் தொங்கிய வாசகர்கள் வேறு வழியில்லாமல் உள்ளூர்க்காரனை வாசித்தார்கள். வீரகேசரி மாதாமாதம் நாவல் போடுகிற அளவுக்கு வந்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் அப்படி வந்ததுதான். என் அப்பா அந்தக் காலத்தைப் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்று திட்டுவார். எழுத்தாளர்கள் யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

இன்றைய சந்தையின் பெயர் வெளியீட்டு விழா. வெளியூர்க்காரர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கைக்காசு போட்டு, அல்லது மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, முந்நூறு பிரதி அச்சடிக்க வேண்டும். பிறகு ஒரு சனிக்கிழமை டவுனில் மண்டபம். மங்கள விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, அறிமுகவுரை, ஆய்வுரை, கருத்துரை, சிறப்புரை. மேடையில் இருப்பவர்களுக்கே கதிரை போதாமல் சபையிலிருந்து எடுத்துப் போடுவார்கள்; அதனால் சபை மெலிந்தது தெரியாது. முதற்பிரதியை ஒரு புரவலர் வாங்குவார். அந்த உறையில் இருப்பதைப் பொறுத்துத்தான் அச்சகக் கடன் எப்போது தீரும் என்பது. பிறகு சிறப்புப் பிரதி பெறுபவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கெமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார்கள்.

இது கலியாண வீட்டு மொய்தான். வித்தியாசம் ஒன்றும் இல்லை. எனக்கு ஐந்நூறு ரூபா வைத்தவருடைய கவிதைத் தொகுதி வெளியாகும்போது நான் ஐந்நூறு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் முகம் திருப்புவார்கள். என் கடை ராக்கையில் இருக்கும் புத்தகங்களெல்லாம் இப்படித் திருப்பிச் செய்த மொய். வாசித்தேனா என்று கேட்காதீர்கள். கலியாண வீட்டில் வாங்கிய எவர்சில்வர்ச் சட்டி எல்லாவற்றிலுமா சமைக்கிறோம்?

ஏற்புரை என்பது எழுத்தாளன் பேசுகிற ஒரே இடம். அதை ஆகக் கடைசியில்தான் வைப்பார்கள். தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ் அந்தியோடு போய்விடும் என்பது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும், ஆய்வுரை செய்பவரைத் தவிர. அவர் காப்ரியல் கார்சியா மார்க்கேஸில் இருக்கும்போதே பின் வரிசைகள் குடையைக் கையில் எடுக்கும். நண்பர் ஒருவரின் விழாவில் நான் பார்த்தேன்: அவர் ஏற்புரைக்கு எழுந்தபோது, சபையில் இருந்தது ஒலிபெருக்கிக்காரரும் மண்டபத்தைப் பூட்ட நின்றவரும் நானும். எனக்கு வீடு டவுனுக்குள். நண்பர் தன் படைப்பின் ஊற்றுக்கண் பற்றி உருக்கமாகப் பேசினார். பூட்டுக்காரர் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிக்கொண்டார். உறை கொடுக்காமல் போன ஒரே பிரதி அதுதான். பிறகு விசாரித்ததில், முழுதாக வாசிக்கப்பட்ட ஒரே பிரதியும் அதுதான்.

2022இல் டொலர் இல்லாமல் கடதாசி வராமல் போனபோது, மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளி வைத்தார்கள். பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. அச்சகத்தில் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் பல நாவலாசிரியர்கள் ஒரே இரவில் ஹைக்கூக் கவிஞர்கள் ஆனார்கள். என் கடையில் நானும் ஒற்றைப் பக்கக் கொப்பியை நிறுத்தினேன். அந்த வருசம் எழுதிய நாவல் எவ்வளவு பெரிய ஆபத்து என்பது கொப்பிக் கடைக்காரர்களுக்குத்தான் புரியும். ஆசிரியர்மார் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து, ‘தம்பி, எழுத்தாளனுக்கு எழுத்தாளன், விலை பார்த்துப் போடுங்க’ என்பார்கள்.

போன மாதம் ஒரு அக்கா வந்தார். கொழுந்து மலையிலிருந்து நேரே வந்தவர். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. லயத்துக் கூரைத் தகரம் ஓட்டை, மழை வந்தால் உள்ளே சட்டி வைக்க வேண்டியிருக்கிறது, ஏற்கெனவே நான் அவருக்கு அதற்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை.

“இன்னொரு மனு எழுதலாம் அக்கா. இந்த முறை பிரதி அமைச்சருக்கும் போடலாம்.”

“மனு வேணாம் தம்பி. அத யாரு படிக்கிறா? நீ கதை எழுதிப் பேப்பர்ல போடுவியாமே. அப்புடி எழுது. தொரை ஞாயித்துக்கெழம பேப்பர் பாப்பாரு.”

துரை பார்ப்பது ஆங்கிலப் பேப்பர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மனுவுக்கு நூறு வாங்குற. கதைக்கு எவ்வளவு?”

“கதைக்கெல்லாம் காசு வாங்குறதில்ல அக்கா.”

அவருக்கு என் மேல் முதன்முறையாகச் சந்தேகம் வந்தது. “காசு வாங்காம செய்யுற வேல உருப்படியா இருக்காதே” என்றார். பிறகு நிபந்தனைகளைச் சொல்ல ஆரம்பித்தார். கூரை ஒழுகுவது முதல் வரியிலேயே வர வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரி வரக்கூடாது. வந்தால் தான்தான் கதாநாயகி என்று சொல்லிக்கொண்டு திரிவாள். அட்டை, குளிர் என்று வளர்க்கக்கூடாது. கூரை ஒழுகுகிறதற்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம்? தலைவர்மார் பெயர் போடாமலே அவர்களுக்கு உறைக்க வேண்டும். முடிவில் தகரம் புதிதாகப் போட்டிருக்க வேண்டும்.

“அக்கா, முடிவு சோகமா இருந்தாத்தான் பத்திரிகையில எடுப்பாங்க.”

“அவங்க வீட்டுக் கூரை ஒழுகுனா அப்ப சோகமா முடிக்கச் சொல்லு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்திருந்த இருநூறு ரூபாவை மேசையில் வைத்தார். நான் வேண்டாம் என்று தள்ள, அவர் திரும்ப என் பக்கம் தள்ள, இரண்டு தடவை அது மேசையில் போய்வந்தது. கடைசியில் எடுத்து லாச்சியில் போட்டேன். அவர் எழும்பவில்லை.

“பில்லு?”

பில் புத்தகத்தை எடுத்தேன். விபரம் என்ற கட்டத்தில் ‘கதை – 1’ என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, போதாது என்று சொல்லி, கீழே இன்னொரு வரியும் சேர்க்க வைத்தார்: ‘முற்பணம் ரூ. 200. மிச்சம் தகரம் போட்ட பிறகு.’